தறியும் நிலமும்: இங்கிலாந்தின் வடமலைப் புறத்து வீட்டுக் கைத்தொழில்

உழைக்கும் இடமும் உறையும் இடமும் வேறு வேறாதல் மனித வரலாற்றிற் பிற்காலத்து நிகழ்ச்சியேயாகும். ஆலை மணியோசை கேட்டுக் காலையிற் புறப்பட்டு மாலையில் வீடு மீளும் வழக்கம் இங்கிலாந்திற்கூட ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு உட்பட்டதே. அதற்கு முன்னர் அந்நாட்டுத் துணித் தொழிலின் பெரும்பகுதி குடியிருக்கும் வீட்டுக் கூரையின் கீழேயே நடைபெற்றது. பல இடங்களில் அவ்வீட்டைச் சூழ்ந்து ஒரு சிறு கமமும் இருந்தது. கைத்தொழிற் புரட்சியை விரித்துரைக்கும் பாடநூல்கள் இவ்வாழ்க்கையை 'வீட்டுக் கைத்தொழில் முறை' என்னும் தலைப்பின் கீழ் ஒரு பந்தியில் அடக்கிவிட்டு, நீராவி யந்திரத்தைக் காண விரைந்து செல்கின்றன. அவ்வொரு பந்தியுள் மறைந்து கிடப்பது மூன்று நூற்றாண்டுக் காலம் பல்லாயிரம் குடும்பங்கள் நடத்திய வாழ்க்கை.

இவ்வாழ்க்கையைப் பற்றி ஒன்றற்கொன்று முரணான இரு கருத்துக்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. பிரெட்றிக் ஏங்கெல்ஸ் 1845 ஆம் ஆண்டில் வெளியிட்ட, இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைபற்றிய நூலின் தொடக்கத்தில், யந்திரங்கட்கு முற்பட்ட நெசவாளரை எவருடைய ஏவலுக்கும் உட்படாது சிறு நிலத்தைப் பயிரிட்டுத் தாம் விரும்பிய அளவு உழைத்து நலமே வாழ்ந்தவராகச் சித்திரித்தார்; அறிவு வளர்ச்சி மட்டும் அவர்கட்கு இருக்கவில்லை என்றார். மற்றொரு சாரார், வீட்டுக் கைத்தொழில் என்பது குழந்தைகளையும் முதியோரையும் விடாது வருத்திய குறைகூலி உழைப்பே எனவும், ஆலை வந்து அதனை அழித்தது நன்றே எனவும் கூறுவர். இரண்டு கருத்துக்கும் சான்றுகள் உள. ஆகவே, எது மெய் என வினாவுவதிலும், ஒரே வகைத் தறி ஓரிடத்தில் ஒருவனைத் தன்னுரிமையுடையவனாகவும் வேறோரிடத்தில் மற்றொருவனைப் பிறர்க்கு அடங்கியவனாகவும் ஆக்கியது எங்ஙனம் என வினாவுதலே பொருத்தமானது. இவ்வினாவிற்கு விடை காணற்கு இங்கிலாந்தின் வடபாலுள்ள யோக்ஷயர் மாகாணத்தின் மேற்குப் பகுதி மிகவும் ஏற்ற களமாகும்.

அப்பகுதியில் ஹலிபக்ஸ் என்னும் நகரைச் சூழ்ந்த திருச்சபைப் பிரிவு பெனைன் மலைத்தொடரின் கீழ்ச்சரிவில் அமைந்தது. நிலம் மேடும் பள்ளமுமானது. மண் புளிப்புத் தன்மையுடையது. மழை மிகுதி, வெயில் குறைவு. கோதுமை அங்கு நன்கு விளையாது. ஓட்ஸ் என்னும் தானியமே ஓரளவு பயன் தந்தது. உழவை மட்டும் நம்பினால் ஒரு குடும்பம் உயிர்வாழ்தல் அரிது. ஆயினும் இயற்கை வேறு சில கொடைகளை வழங்கியிருந்தது. மலையினின்று இறங்கும் நீர் சுண்ணாம்பு கலவாத மென்னீர். ஆட்டுமயிரைக் கழுவுதற்கும் துணிக்குச் சாயமிடுதற்கும் அத்தகைய நீரே சிறந்தது. நிலக்கரி அருகிலேயே கிடைத்தது. பாழ்நிலம் பரந்து கிடந்தமையால், அதனைத் திருத்திச் சிறு வேலியடைத்துக் குடியேறுதற்கு இடமிருந்தது. ஏழை மண்ணே கைத்தொழிலை வளர்த்தது என்பது முதலில் வியப்பைத் தரலாம். ஆனால் ஐரோப்பாவின் பல மலைநாடுகளில் இதுவே நிகழ்ந்தது. வளமிக்க சமவெளி தன் மக்களை ஆண்டு முழுவதும் வயலிற் கட்டி வைக்கின்றது. வறண்ட மேட்டுநிலமோ அவர்களுடைய கைகளைப் பல மாதங்கள் ஓய்வாக விட்டுவிடுகின்றது. பிறாங்ளின் மென்டல்ஸ் என்னும் பொருளியல் வரலாற்றறிஞர் 1972 இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய நாட்டுப்புறக் கைத்தொழிலையே ஆலைத் தொழிலின் முன்னோடியாகக் கொண்டு ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட நாடு பிளாண்டர்ஸ்.

ஹலிபக்ஸ் மக்களின் தொழிலமைப்பு 1555 ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றச் சட்டமொன்றில் இடம்பெற்றுவிட்டது. அதற்கு மூன்று ஆண்டுகட்கு முன் இயற்றப்பட்ட சட்டம், ஆட்டுமயிரை வாங்கி விற்கும் இடைத்தரகரைத் தடைசெய்திருந்தது. தரகரை ஒழித்தல் ஏழைக்கு நன்மையென எண்ணுதல் எக்காலத்துக்கும் உரிய இயல்பு. ஆனால் ஹலிபக்ஸில் அச்சட்டம் ஏழையையே தாக்கிற்று. மூட்டைக் கணக்கில் மயிர் வாங்கும் பொருள்வலி அங்குள்ள நெசவாளனிடம் இல்லை. தரகன் கொணரும் மயிரில் ஒரு சிறு நிறையை வாங்கி, குதிரைக்கு வழியின்றித் தலையிலும் முதுகிலும் சுமந்து மூன்று மைல் முதல் ஆறு மைல்வரை நடந்து, அதனைத் துணியாக்கி விற்று, வந்த பணத்தில் மீண்டும் மயிர் வாங்குபவன் அவன். இந்நிலையை எடுத்துக்கூறியே 1555 ஆம் ஆண்டுச் சட்டம் ஹலிபக்ஸ் பிரிவுக்கு மட்டும் விலக்களித்தது. கடந்த நாற்பது ஆண்டுகளில் ஐந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் அங்கு புதிதாகப் பெருகின என்றும் அச்சட்டத்தின் முகவுரை கூறுகின்றது. ஒரு வாரத்துக்குரிய மூலப்பொருளை மட்டும் வாங்கி, தானே துணியாக்கி, தானே விற்கும் இச்சிறு தொழிலாளன் கூலியாளன் அல்லன், பெருமுதலாளியும் அல்லன். மயிரும் அவனுடையது, நூலும் அவனுடையது, முடிந்த துணியும் அவனுடையது. இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்த அனைத்துக்கும் இதுவே திறவுகோல்.

ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளின் பின் டானியல் டீபோ அவ்வழியே பயணஞ் செய்தார். 'றொபின்சன் குரூசோ'வின் ஆசிரியராகிய அவர் 1724 முதல் 1727 வரை வெளியிட்ட பெரிய பிரித்தானியப் பயணநூலில் ஹலிபக்ஸ் மலைச்சரிவுகளைப் பற்றி எழுதிய பகுதி பொருளியல் வரலாற்று மாணவர் எவரும் அறிந்ததே. அவர் கண்டது ஊர்களை அன்று. மலைச்சரிவு முழுவதும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்திற் சிதறிக்கிடந்த வீடுகளையே. ஒவ்வொரு வீட்டையும் சூழ்ந்து இரண்டு ஏக்கர் முதல் ஆறேழு ஏக்கர்வரை வேலியடைத்த நிலம் இருந்தது. வெயில் எறித்தபோது சரிவெங்கும் வெண்மை பளிச்சிட்டது. அது வீட்டுக்கு வீடு மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டி உலரவிட்டிருந்த துணியின் வெண்மை. ஓடைநீர் வாய்க்கால் வழியாக வீட்டுக்கு வீடு கொண்டுசெல்லப்பட்டது. துணி செய்வோன் ஒவ்வொருவனும் ஒரு குதிரையாவது வைத்திருந்தான். சந்தையிலிருந்து மயிரும் உணவும் கொணரவும், நூற்போரிடம் மயிரைச் சேர்க்கவும், துணியை ஆலைக்கும் சந்தைக்கும் கொண்டுபோகவும் அது பயன்பட்டது. ஓரிரு பசுக்கள் பால் தந்தன. நிலம் பெரும்பாலும் அவற்றின் மேய்ச்சலுக்கே போயிற்று. அங்கு விளைந்த தானியம் கோழிகளுக்குக்கூடப் போதாதென டீபோ நகைச்சுவையாகக் குறிப்பிடுகின்றார். வீடுகளின் வெளியே ஆளரவம் இல்லை. கதவைத் தட்டி உள்ளே சென்றால் ஒருவர் சாயத் தொட்டியில், ஒருவர் தறியில், ஒருவர் துணியைச் செப்பனிடுவதில் எனக் குடும்பம் முழுவதும் உழைப்பில் ஆழ்ந்திருந்தது. நான்கு வயதைக் கடந்த குழந்தைகளும் தம் பங்கைச் செய்தனர். டீபோ இக்காட்சியைக் கண்டு பெருமகிழ்வெய்தினார். நான்கு வயதுக் குழந்தையின் கையுழைப்பை மகிழ்ச்சியோடு குறிப்பிட்ட அவருடைய காலத்து உள்ளத்தை இன்று எவரும் அவ்வாறே ஏற்றுக்கொள்ளார்.

ஒரு துணி உருவாகும் முறையைச் சிறிது நோக்கினால் அக்குடும்பத்தின் உள்ளமைப்பு விளங்கும். வாங்கிய மயிரைக் கழுவி, எண்ணெயிட்டு, கம்பிப்பற்கள் பொருத்திய பலகைகளாற் சிக்கெடுத்தல் சிறுவர் பணி. நூற்றல் பெண்கள் பணி. ஒரு தறிக்கு இடையறாது நூல் வழங்குதற்கு நால்வர் முதல் அறுவர்வரை நூற்க வேண்டியிருந்தமையால், மனைவியும் பெண்மக்களும் போதாது அயல்வீட்டுப் பெண்களுக்கும் மயிர் கொடுக்கப்பட்டது. நெய்தல் ஆண்மகன் பணியாயினும், பெண்களும் தறியில் அமர்ந்ததுண்டு. நெய்த துணியிலுள்ள எண்ணெயை நீக்குதற்குத் தேங்கிய சிறுநீர் பயன்பட்டது. அதனைச் சேர்த்து வைக்கும் பாத்திரம் இல்லாத வீடு அங்கு அரிது. பின்னர்த் துணி ஓடைக்கரையிலுள்ள நீர்விசை ஆலைக்குச் சென்று மரச்சம்மட்டிகளால் அடிக்கப்பட்டு இறுகிற்று. இவ்வொரு படிநிலை மட்டுமே பல நூற்றாண்டுகளாக வீட்டுக்கு வெளியே யந்திரத்தால் நடந்தது. மீண்டும் வீட்டு வளவுக்கு வந்து, சட்டத்திலுள்ள கொக்கிகளில் மாட்டி இழுத்து உலர்த்தப்பட்டது. உலர்த்துதற்கு வெளி வேண்டும். குதிரைக்குப் புல் வேண்டும். எண்ணெயும் கழிவும் படிந்த மயிர்க் கழிவு நிலத்துக்கு எருவாயிற்று. ஆகவே நிலம் என்பது தறிக்குப் புறம்பான வேறொரு வருவாய் மட்டும் அன்று. தறி இயங்குதற்கே அது தேவையாயிருந்தது.

துணியை விற்றலும் அவனே செய்த காரியம். லீட்ஸ் நகரத்துப் பிரிக்கேற் வீதியில் வாரம் இருமுறை கூடிய துணிச் சந்தையை டீபோ வியந்து வருணித்துள்ளார். விடியற்காலையில் வீதியின் இருமருங்கும் பலகைகள் பரப்பப்பட்டன; ஒவ்வொருவரும் பெரும்பாலும் ஒரேயொரு துணியுடனேயே வந்தனர். மணி அடித்தவுடன் வணிகர் உள்ளே நுழைந்தனர். பேரம் முழுவதும் காதோடு காதாகவே நடந்தது. அருகில் நிற்பவன் விலையை அறிந்துவிடலாகாதன்றோ. சற்று நேரத்திற் பல்லாயிரம் பவுண் பெறுமதியான துணி கைமாறிற்று. பின்னர், 1779 ஆம் ஆண்டு சனவரி 1 ஆம் நாள் ஹலிபக்ஸிலேயே 315 அறைகள் கொண்ட துணி மண்டபம் திறக்கப்பட்டது. நடுவே பரந்த முற்றமும் நாற்புறமும் தூண்வரிசைகளும் உடைய அம்மண்டபம் அரண்மனை போன்றது. ஆனால் அது சிறு துணிகளை விற்க வந்தோர்க்காகக் கட்டப்பட்டது. அதன் காலம் முடியும் தறுவாயிலேயே அது எழுந்தது என்பதைக் கட்டியோர் அறிந்திருக்க இயலாது. 2017 இற் புதுக்கப்பட்டு மீளத் திறக்கப்பட்ட அம்மண்டபத்தை இன்றும் காணலாம்.

ஆயினும் வீட்டில் நெய்தோர் எல்லாரும் இவ்வாறு தன்னுரிமையோடு நெய்யவில்லை. இங்கிலாந்தின் மேற்கு மாகாணங்களாகிய வில்ற்ஷயர், குளொஸ்ரர்ஷயர் முதலியவற்றில் மயிரும் நூலும் துணியும் பெருவணிகனுக்கே உரியன. அவன் வீட்டுக்கு வீடு வேலை கொடுத்தான். நெய்பவன் துணிக்கு இவ்வளவு எனக் கூலி பெற்றான். இருவகையினரும் வீட்டிலிருந்தே உழைத்தனர். இருவருடைய தறியும் ஏறத்தாழ ஒன்றே. வழியே செல்லும் ஒருவன் சாளரத்தினூடு நோக்கினால் வேறுபாடு காணமாட்டான். யோக்ஷயரிலேயே நீண்ட இழை மயிரால் நெய்யப்பட்ட வூஸ்ரெட் என்னும் துணிவகை பதினெட்டாம் நூற்றாண்டிற் பரவியபோது, அங்கும் இவ்வேலை கொடுக்கும் முறையே அதனோடு பரவிற்று. பல மைல் தூரத்திலுள்ள குடிசைகளுக்கெல்லாம் மயிர் நூற்கக் கொடுக்கப்பட்டது. வேலை கொடுப்போன் தன் பொருள் களவாடப்படும் என அஞ்சினான். குறைந்த கூலி பெறுவோர் சிறிதளவு நூலை ஒதுக்கிக் கொள்வதும் உண்மையே. 1777 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வூஸ்ரெட் சட்டத்தின்படி வணிகர் குழுவொன்று அமைக்கப்பட்டு, நூற்போரைக் கண்காணிக்கப் பரிசோதகர் நியமிக்கப்பட்டனர். தன் வீட்டிலிருந்து உழைப்பவளின் அடுப்படிவரை பிறனொருவனின் பரிசோதகன் வரலாம் என்றால், அவ்வீடு எவ்வளவுக்கு அவளுடையது என்பது சிந்தித்தற்குரியது.

தன்னுரிமையாளனின் நாள் எவ்வாறு கழிந்தது என்பதற்கு அரிய சான்றொன்று உண்டு. ஹலிபக்ஸுக்கு அருகிலுள்ள வீற்லியில் வாழ்ந்த கொர்ணீலியஸ் ஆஷ்வேத் என்னும் கமக்கார நெசவாளர் எழுதிய நாட்குறிப்பே அது. வரலாற்றறிஞர் எட்வேட் பால்மர் தொம்சன் 1967 இல் எழுதிய, காலமும் வேலையொழுங்கும் பற்றிய கட்டுரையில் இதனை எடுத்தாண்டுள்ளார். 1782 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அறுவடையும் சூடடிப்பும் தறி வேலையோடு கலந்தே நடக்கின்றன. மழை நாளில் எட்டரை அல்லது ஒன்பது யார் நெய்கின்றார். 14 ஆம் நாள் முடிந்த துணியைக் கொண்டுபோக வேண்டியிருந்தமையால் நாலே முக்கால் யார் மட்டுமே நெய்கின்றார். 23 ஆம் நாள் பிற்பகல் மூன்று மணிவரை வெளிவேலை. பொழுது சாயுமுன் இரண்டு யார். இரவிற் சட்டைக்கு ஒட்டுப் போடுகின்றார். நத்தாருக்கு முந்திய நாள் இரண்டு யார் நெய்தபின் நிலக்கரியை அடுக்கி, சமையலறைக் கூரையையும் சுவரையும் துடைத்து, இரவு பத்து மணிவரை குப்பையெரு வேலை செய்கின்றார். சனவரியிற் பசு கன்று ஈன்றது. அதனைப் பேணவேண்டியிருந்தமையால் இரண்டே முக்கால் யாருடன் தறி நின்றது. மறுநாள் பசுவுக்கு மருந்து வாங்க ஹலிபக்ஸுக்கு நடக்கின்றார். வேறு நாட்களில் வண்டிவேலை, செரிப்பழம் பறித்தல், நீரணை வேலை, கடிதம் எழுதல் ஆகியன இடம்பெறுகின்றன.

இந்நாட்குறிப்பு தொடங்குவதற்கு ஆறாண்டு முன், 1776 இல், அடம் சிமித் 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலை வெளியிட்டார். அதன் முதலாம் அதிகாரத்தில் ஆஷ்வேத் போன்றோரே கண்டனத்துக்கு உள்ளாகின்றனர். சிறு கமம் செய்யும் நாட்டுப்புற நெசவாளன் தறியிலிருந்து வயலுக்கும் வயலிலிருந்து தறிக்கும் போய்வருவதிலேயே பெருநேரத்தை இழக்கின்றான் எனவும், அதனால் மந்தமும் கவனமின்மையும் அவனுக்கு இயல்பாகின்றன எனவும் சிமித் கருதினார். தொழிற்பிரிவின் பயனை நிறுவ வந்தவர் அவ்வாறு கூறியதில் வியப்பில்லை. ஆயின் இரவு பத்து மணிவரை எருவேலை செய்தவரை மந்தமானவர் எனல் எளிதன்று. யார்க் கணக்கில் நோக்கினால் அவர் நேரத்தை இழந்தார். பசுவின் உயிரையும் கன்றையும் கணக்கிற் சேர்த்தால் இழந்தாரல்லர். மழைநாளைத் தறிக்கும் வெயில்நாளை வயலுக்கும் பகிர்ந்தமை வீண் அலைச்சலன்று. துணிவிலை வீழ்ந்த வாரத்திலும் பால் கறக்கும், பயிர் பொய்த்த ஆண்டிலும் தறி ஓடும் என்னும் பாதுகாப்பு அப்பகிர்விலேயே இருந்தது.

ஆனால் சிமித்தின் அதே நூலிற் பத்தாம் அதிகாரத்திலுள்ள மற்றொரு குறிப்பு மிக ஆழமானது, அதிகம் பேசப்படாதது. வாழ்க்கைக்கு வேண்டியவற்றின் பெரும்பகுதியை நிலத்திலிருந்து பெறுபவர், ஓய்வுநேரத்திற் செய்யும் கைப்பணியை மிக மலிவாக விற்கின்றனர் என்பது அது. சான்றாக அவர் ஷெற்லாந்துத் தீவுகளின் காலுறைகளைக் காட்டுகின்றார். ஆண்டுதோறும் ஆயிரம் சோடிக்கு மேல் அவை லீத் துறைமுகத்துக்கு வந்தன. சோடியின் விலை 5 பென்ஸ் முதல் 7 பென்ஸ். அத்தீவின் தலைநகரான லேவிக்கில் சாதாரணக் கூலியாளின் ஒருநாட் கூலியோ 10 பென்ஸ். ஒரு சோடி காலுறையை முக்கால் நாளிற் பின்னி முடித்தல் இயலாதென்பது வெளிப்படை. ஆகவே பின்னியவளின் சோற்றை அவளுடைய நிலம் அளித்தது. அவ்வளவுக்குக் காலுறையின் விலை குறைந்தது. அந்நன்மை வாங்கியவனைச் சென்றடைந்தது. வீட்டிலிருந்து உழைக்கும் முறையின் இரு முகங்களும் இங்கே ஒருங்கு தோன்றுகின்றன. விலையைத் தானே பேசி விற்பவனுக்கு நிலம் வலிமையைத் தருகின்றது. அடுத்த சந்தைவரை அவனாற் காத்திருக்க முடியும். பிறன் வகுத்த கூலிக்கு உழைப்பவனுக்கோ அதே நிலம் கூலியைக் குறைப்பதற்குச் சாட்டாகின்றது.

யந்திரங்கள் தொடக்கத்தில் வீட்டைப் பகைக்கவில்லை என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஜோன் கே 1733 இற் கண்ட பறக்கும் நாடா வீட்டுத் தறிக்கே உரியது. 1764 ஆம் ஆண்டளவில் ஹாகிறீவ்ஸ் அமைத்த ஜென்னி என்னும் நூற்பொறி பல கதிர்களை ஒருங்கே சுழற்றிய போதிலும் ஒரு சிற்றறையில் அடங்குவதாயிருந்தது. ஆர்க்ரைட்டின் நீர்விசைப் பொறியும், 1771 இல் அவர் குறொம்போட்டில் தொடங்கிய ஆலையுமே நூற்றலை வீட்டிலிருந்து பெயர்த்தன. முதலில் வேலையிழந்தவர் நூற்ற பெண்கள். தம் பெயரில் ஒரு துணியும் விற்காதவராதலின் அவர்களுடைய இழப்பு எந்தச் சந்தைக் கணக்கிலும் பதியப்படவில்லை. நெய்வோருக்கோ அது நற்காலமாயிற்று. நூல் மலிந்தது, கைத்தறிக்குத் தேவை பெருகிற்று. மெலர் என்னும் ஊரினரான வில்லியம் றட்கிளிப் 1828 இல் வெளியிட்ட நூலில் இம்மாற்றத்தைக் கண்கூடாகக் கண்டவாறு எழுதியுள்ளார். 1770 இல் அவ்வூரிலிருந்த ஐம்பது அறுபது கமக்காரருள் ஆறேழு பேரே விளைவைக்கொண்டு மட்டும் குத்தகை இறுத்தனர். ஏனையோர் நூற்றலாலும் நெய்தலாலும் அதனை நிரப்பினர். 1788 க்கும் 1803 க்கும் இடையில் வைக்கோற் கொட்டில், வண்டிக் கொட்டில் எல்லாம் தறிக்கூடங்களாயின. தறிக்கென்றே புதுக் குடிசைகள் எழுந்தன. அக்காலத்தை அவர் பொற்காலம் எனப் போற்றுகின்றார். கொட்டிலிற் பசு நின்ற இடத்தைத் தறி கவர்ந்துகொண்டது என்பதையும் அவருடைய நூலே காட்டுகின்றது. நல்ல கூலி கிடைத்த காலத்தில், நிலம் வேண்டாச் சுமையாகவே தோன்றியிருத்தல் கூடும்.

அதன் பயன் விரைவில் வெளிப்பட்டது. லங்காஷயரிலுள்ள போல்ற்றன் நகரத்துக் கைத்தறியாளனின் வாராந்தக் கூலி 1795 இல் 33 சிலிங். 1815 இல் 14 சிலிங். 1829 க்கும் 1834 க்கும் இடையில் ஐந்தரைச் சிலிங். இவ்வீழ்ச்சிக்கு விசைத்தறியே காரணம் என்பது பொதுவான கூற்று. ஆண்டுகளை ஒப்பு நோக்கினால் அக்கூற்று முழுதும் பொருந்தவில்லை. பிரித்தானியாவில் விசைத்தறிகள் 1813 இல் ஏறத்தாழ 2,400 மட்டுமே. அவை ஓரிலட்சத்தை எட்டியது 1833 அளவில். கூலி பாதிக்கு மேல் வீழ்ந்தது விசைத்தறி பெருகுமுன்னரே. எளிதிற் கற்கக்கூடிய தொழிலில் எண்ணற்றோர் புகுந்தனர். போர் முடிந்தபின் படையிலிருந்து மீண்டோரும் அயர்லாந்திலிருந்து வந்தோரும் அவர்களோடு சேர்ந்தனர். தொழிலாளர் ஒன்றுகூடுதலை 1799 ஆம், 1800 ஆம் ஆண்டுச் சட்டங்கள் தடுத்திருந்தன. இவற்றுக்கெல்லாம் மேலாக, அவர்கள் பற்றி நிற்பதற்கு நிலம் இருக்கவில்லை. கூலி குறைந்தபோது வேலையை நிறுத்திக் காத்திருப்பதற்கு மாறாக, முன்னையிலும் அதிகமாக நெய்தனர்; அதனாற் கூலி மேலும் குறைந்தது. ஆகக் குறைந்த கூலியை விதிக்க வேண்டுமென 1808 இல் வேண்டினர்; பாராளுமன்றம் மறுத்தது. 1835 இலும் அவ்வாறே. 1841 இல் அறிக்கை சமர்ப்பித்த அரச ஆணைக்குழு, கைத்தறியாளர் அத்தொழிலை விட்டு நீங்குதலே வழி என்னும் கருத்தினதாயிருந்தது.

இதே காலத்தில் யோக்ஷயரின் சிறு துணியாளர் வேறு வழியிற் சென்றனர். சிக்கெடுக்கும் பொறியும் துணி அடிக்கும் பொறியும் தனியொருவனுக்கு எட்டாத விலையின. ஆதலின் ஊர்த் துணியாளர் பலர் பங்கு சேர்த்து ஓடைக்கரையிற் கூட்டு ஆலைகளைக் கட்டினர். சிக்கெடுத்தலும் அடித்தலும் அங்கு நடந்தன. நூற்றலும் நெய்தலும் வீட்டில் நின்றன. பங்குக்குரிய பணம் எங்கிருந்து வந்தது? பட் ஹட்சன் என்னும் வரலாற்றறிஞர் 1986 இல் வெளியிட்ட, மேற்கு யோக்ஷயரின் கைத்தொழில் முதலைப் பற்றிய ஆய்வு இதற்கு விடை தருகின்றது. துணியாளர் தம் சிறு நிலத்தை ஈடுவைத்துக் கடன் பெற்றனர். நிலவுரிமை உடையோர் இருந்த ஊர்களிற் சிறு துணியாளர் முறை நிலைத்தது. நிலமற்றோர் மிகுந்த வூஸ்ரெட் ஊர்களில் வேலை கொடுப்போனே ஆலை முதலாளியானான். கம்பளித் துணித் தொழிலை ஆராய்ந்த 1806 ஆம் ஆண்டுப் பாராளுமன்றக் குழு, நன்மதிப்புடைய இளைஞன் கடனுக்கு மயிர் பெற்றுத் தானே தொழில் தொடங்கக்கூடிய இம்முறையைச் சிறப்பித்துப் பேசிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கூட்டு ஆலைகள் பல இயங்கின. பின்னர் விசைத்தறி கம்பளித் துணிக்கும் வந்தது. வீட்டு மேன்மாடத் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வெளிச்சம் வேண்டி வரிசையாக அமைத்த அம்மேன்மாடச் சாளரங்கள் ஹெப்ரன்ஸ்ரோல் முதலிய மலையூர்களில் இன்றும் உள்ளன.

யோக்ஷயரில் ஓய்ந்த இம்முறை பிரித்தானியாவின் வடமேற்குக் கோடியில் இன்றும் முற்றாக ஓயவில்லை. ஸ்கொத்லாந்தின் புற ஹெப்றிடீஸ் தீவுகளில், குறொவ்ற் எனப்படும் சில ஏக்கர் நிலமும் பொது மேய்ச்சலுரிமையும் கொண்ட குடியானவர், தம் ஆடுகளின் மயிரால் முரட்டுக் கம்பளித் துணி நெய்துவந்தனர். 1840 களில் ஹரிஸ் தீவின் நிலவுடைமைக் குடும்பத்தைச் சேர்ந்த டன்மோர்ப் பிரபுவின் மனைவியார் அத்துணியை ஆங்கிலப் பெருங்குடியினரிடையே பரப்பினார். அக்குடியானவர் நெடுங்காலம் நிலக்கிழாரின் விருப்பப்படி வெளியேற்றப்படக் கூடியவராயிருந்தனர். 1882 இல் ஸ்கை தீவில் எழுந்த கிளர்ச்சியும் அதனைத் தொடர்ந்த விசாரணையும் 1886 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தன. குத்தகை ஒழுங்காக இறுக்கும் குடியானவனை வெளியேற்ற இயலாது. குத்தகை நியாயமாக மதிப்பிடப்படும். நிலத்தைத் திருத்திய செலவுக்கு ஈடு உண்டு. உரிமை வழித்தோன்றலுக்குச் செல்லும் என அச்சட்டம் விதித்தது. நிலம் உறுதிப்பட்டபின் துணியின் பெயரும் காக்கப்பட்டது. 1909 இல் ஹரிஸ் ருவீட்டின் உருண்டை முத்திரைக்கு விண்ணப்பம் செய்யப்பட்டது. பெருநிலத்து நூலைக்கொண்டு நெய்த துணிக்கும் அப்பெயர் உரியதா என்ற நீண்ட வழக்கில் 1964 இல் தீவினர் பக்கம் தீர்ப்பாயிற்று. 1993 ஆம் ஆண்டுப் பாராளுமன்றச் சட்டத்தின்படி, அத்தீவுகளிலே சாயமிட்டு நூற்கப்பட்ட புதுமயிரைக்கொண்டு, தீவினர் தம் வீடுகளிற் கையால் நெய்து, அங்கேயே செப்பனிட்ட துணி ஒன்றே ஹரிஸ் ருவீட் எனும் பெயர் பெறும்.

நெய்யும் இடம் வீடாகவே இருத்தல் வேண்டும் எனச் சட்டம் விதிக்கும் துணி உலகில் வேறு உண்டெனின் மிக அரிதே. எனினும் இதனை ஹலிபக்ஸின் மறுபிறப்பெனக் கொள்ளல் தவறு. இங்கு நெய்வோர் பெரும்பாலார் பாவையும் நூலையும் ஆலையிடமிருந்து பெற்று, துணிக்கு இவ்வளவு என ஊதியம் வாங்குபவர். தாமே நூல் வாங்கித் தாமே விற்போர் சிலரே. வேற்றுநாட்டுச் சந்தையில் நாகரிகம் மாறும்போது தறி மாதக்கணக்கில் ஓய்வதும் உண்டு. அவ்வேளைகளில் ஆடும் நிலமும் மீன்பிடியும் பிற உத்தியோகமும் குடும்பத்தைத் தாங்குகின்றன. 1886 ஆம் ஆண்டுச் சட்டம் தந்த நிலவுரிமை இருத்தலால் அவர்கள் தீவைவிட்டுப் பெயரவேண்டியதில்லை. முதலாம் உலகப் போரின் பின் அத்தீவுக் கொட்டில்களுக்கு வந்த மிதிதறி மின்விசையின்றி நெய்பவனின் காலாலேயே இயங்குவது. ஹற்றேஸ்லி என்னும் நிறுவனம் அதனைச் செய்தளித்தது. அந்நிறுவனம் இருந்த ஊர் கீத்லி. ஹலிபக்ஸிலிருந்து மலைப்பாதை வழியே சில மைல் தொலைவிலுள்ளது.